ஐந்து கட்டையில் வளைந்த கழுத்து

பழைய ஜப்பான் கிட்டார்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். என்னிடம் ஒன்று இருப்பது எப்படியோ தெரிந்து ஒருவர் போன் செய்தார். "கண்டிஷன் எப்படிங்க?" என்றார். விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எண்பதுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு நேரம் போனில் பேச எனக்குப் பொறுமை கிடையாது. எழுதிவிடுகிறேன்.

அப்போது நானும் அப்பாவும் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நான் தென்னூரில், மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பாட்டு எனக்கு வராது. வீணை சில வருஷம் கற்றுக்கொண்டேன். ராகம் வந்தது, கமகம் வரவில்லை. "உன் கை தோசைக்கு அரைக்கற கைடி" என்று வீணை மாமி எல்லார் எதிரிலும் சொன்னாள். எழுந்து வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை.

கிட்டார் ஆசை ஒரு கல்யாண ரிசப்ஷனில் வந்தது. மேடையில் ஒரு ஆள் கையை ஒரே வீச்சு வீசினான். ஆறு கம்பியும் சேர்ந்து பேசியது. குழைவு இல்லை, நெளிவு இல்லை. என் கைக்கு ஏற்ற வாத்தியம் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை.

எங்கள் கம்பெனிக்குத் தெரிந்த ஒரு டீச்சர் பாலக்கரையில் இருந்தார். கிறிஸ்தவர். அவருடைய தம்பி சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்துவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டார் பீரோ மேல் கிடந்தது. "தூசி தட்டியே எனக்குக் கை ஓஞ்சு போச்சு, எடுத்துட்டுப் போம்மா" என்றார். கொடுத்ததை வாங்கிக்கொண்டார், பேரம் பேசவில்லை.

ஜப்பானில், கற்றுக்கொள்கிற மாணவர்களுக்காக மலிவாகச் செய்த ரகம் அது. உடம்பு ஒட்டுப்பலகை. நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு, இரண்டுக்கும் இடையில் சிவப்பு. கம்பிகளுக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கும் மூன்று பிக்கப். மூன்றில் ஒன்று ஊமை. சுவிட்சுகள் ஒரு வீட்டுக்குப் போதுமான அளவுக்கு இருந்தன. பாதி எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. தலைப் பக்கத்தில், கம்பிகளை முறுக்கும் திருகாணிகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. மேலே வார்னிஷ்கூட அடித்திருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"யாருடி இது?"

"வேளாங்கண்ணி மாதாப்பா."

"சரி, இருக்கட்டும். நம்மாத்துக்கு வந்துட்டா. அந்தண்டை சுவர்ல சாய்ச்சு வை. காலால தள்ளிடப் போறே."

அவ்வளவுதான். எதிர் போர்ஷன் மாமிதான் ஒரு வாரம் முணுமுணுத்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்களிடம் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் பின்பக்கம் கிராமபோனைச் செருகுவதற்கு ஒரு துளை உண்டு. அதில் கிட்டாரைச் செருகினால் ரேடியோவே பாடும். கூடவே குளவிக் கூட்டம்போல ஒரு இரைச்சலும் வரும். தரை ஈரமாக இருந்தால் கம்பியில் சுருக்கென்று ஷாக்கும் அடிக்கும். செய்தி நேரத்தில் மட்டும் அப்பா கையை நீட்டி வயரைப் பிடுங்குவார். மற்ற நேரத்தில் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு வருஷத்தில் நாலைந்து கார்டு கைக்கு வந்தது. கார்டு என்றால் ஆறு கம்பியையும் ஒருசேர ஒலிக்க வைக்கிற விரல்பிடி. டவுனில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டாருக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். குழுவின் தலைவர் ஹார்மோனியம் வாசிப்பவர். பஜனை, நாடகம் என்று வாசித்து வந்தவர். அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசிப்பியா, புடிச்சிக்கிட்டு நிப்பியா?"

"வாசிச்சா வெச்சுக்குங்க. இல்லேன்னா போகச் சொல்லுங்க."

வாசித்தேன். வைத்துக்கொண்டார். பிரச்சினை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சுருதியாகப் பிடிப்பது என்பதுதான் கட்டைக் கணக்கு. ஆண்கள் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். எங்கள் பாடகிக்கு ஐந்து. சினிமாப் பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் மாஸ்டர் அதை ஐந்துக்குக் கொண்டுவந்துவிடுவார். வீணையோ தம்பூராவோ, பாடுகிறவரின் சுருதிக்கு வாத்தியத்தைச் சேர்ப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தவள். கிட்டாரைச் செய்தவன் அதற்கென்று ஒரு சுருதி வைத்துச் செய்திருக்கிறான் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. "ஏத்தும்மா, இன்னும் ஏத்து" என்றார் மாஸ்டர். ஆறு கம்பியையும் மூன்று ஸ்வரஸ்தானம் மேலே முறுக்கினேன். கிட்டார்க் கம்பி திருச்சியில் லேசில் கிடைக்காது. அறுந்த இடத்திலெல்லாம் வீணைக் கம்பி போட்டேன். அது இன்னும் தடிமன், இன்னும் இழுக்கும்.

கழுத்து வளைந்தது. ஒரே நாளில் இல்லை. ஏற்கெனவே பீரோ மேல் கம்பி தளர்த்தாமல் கிடந்த கழுத்து. மாசத்துக்கு மாசம் முன்பக்கமாகக் குனிந்தது. கழுத்தின் குறுக்கே விரலுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை வீணையில் சொல்வதுபோல மெட்டு என்றே நாங்கள் சொல்லுவோம். பன்னிரண்டாவது மெட்டில் கம்பிக்குக் கீழே என் சுண்டுவிரல் நுழைந்தது. அமுக்கினால் விரல் அறுந்துவிடும்போல இருந்தது. அமுக்கிவிட்டாலும் சுருதி விலகி அழுதது.

கம்பியை முறுக்காமலே ஐந்து கட்டையில் வாசிக்க ஒரு வழி உண்டு. மூன்றாவது மெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அமுக்கினால் போதும். எனக்கு அது தெரியும். வளைந்த கழுத்தில் அது முடியாது. முடியாததால் முறுக்கினேன். முறுக்கியதால் இன்னும் வளைந்தது.

ஒத்திகையில் ஒருநாள் மாஸ்டர் ஹார்மோனியத்தை நிறுத்தினார். கிட்டாரை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? ராமர் கையில இருக்க வேண்டியதை நீ வெச்சிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். தபேலாக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நீங்கதானே மாஸ்டர் ஏத்து ஏத்துன்னீங்க?"

"நான் சுருதியை ஏத்தச் சொன்னேன். கழுத்தை முறிக்கச் சொன்னனா? இதோ பாரு, அடுத்த மாசம் உறையூர்ல ப்ரோக்ராம் இருக்கு. அதுக்குள்ள இதைச் சரி பண்ணிட்டு வா. லால்குடியிலேர்ந்து ஒருத்தர் சொந்த கிட்டாரோட வரேன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். நானும் எத்தனை நாள் இல்லைன்னு சொல்றது?"

பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். நாள் முழுக்க அடுத்தவன் வாசகத்தைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம்தான் என்னுடையதாக இருந்தது. வேறு கிட்டார் வாங்க வழி கிடையாது. இது சரியாகாவிட்டால் அந்த இரண்டும் போய்விடும். அவர் முறுக்கச் சொல்லி முறுக்கி, அவரே என்னை அனுப்பப் போகிறார்.

வீணை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். "எல்லா மெட்டுக்கும் அடியில மெழுகு வெச்சுத் தூக்கிடுவோம்மா" என்றார். வீணை மெட்டுகள் மெழுகில் உட்காரும், கிட்டாரில் மரத்திலேயே பதித்தவை. கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு தச்சர், கழுத்தைக் கழற்றி வெயிலில் குப்புறப்போட்டு மேலே கனம் வைக்கச் சொன்னார். அப்பாவும் நானும் கொல்லையில் அம்மிக்கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தோம். சாயங்காலம் நிமிர்ந்திருந்தது. கம்பியை மாட்டினோம். விடிவதற்குள் பழையபடி குனிந்துவிட்டது.

"விட்டுடேண்டி. மரம்தானே, அதோட சுபாவம்" என்றார் அப்பா.

"சுபாவமாவது மண்ணாவது" என்றேன்.

தில்லைநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வேறொரு குழுவின் கிட்டார்க்காரர் இடைவேளையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கிட்டாரின் தலைப் பக்கத்தில் மாங்கொட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"அதுக்குள்ள நட்டு இருக்குங்க. கழுத்துக்குள்ள இரும்புக் கம்பி ஓடுது. நட்டைத் திருகினா கழுத்து நிமிரும். உங்களுதுல இருக்குமே?"

"இல்லீங்க. என்னுதுல மாதாதான் இருக்காங்க."

வெற்றிலை வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "ரெண்டும் இருக்கும், போய்ப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினேன். மாதாவின் காலுக்குக் கீழே ஒரு மேடு. மேட்டுக்கு ஒரு விளிம்பு. தகடு உள்ளேதான் இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக, நானும் வீணைக்காரரும் தச்சரும் அந்தத் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறோம். சாமி படம் என்பதால் ஒருவரும் அதன் மேல் விரல் வைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பிளேடை எடுத்தேன்.

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அப்பா என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"கேக்காம கை வைக்கப்படாது. அவா ஒட்டினது. அவாளைக் கேட்டுண்டு வா."

"நான் வாங்கிட்டேன்பா. இது என்னுது."

"கிட்டார் உன்னுது. படம் அவாளது."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். டீச்சர் காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது எங்க அம்மா ஒட்டினதும்மா. ஒருதடவை கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிறப்போ தம்பிக்கு இதுல கரண்ட் அடிச்சு விழுந்துட்டான். கையெல்லாம் வெட்டி இழுத்துருச்சு. அன்னிக்கு ராத்திரியே அம்மா பசை காய்ச்சி ஒட்டிட்டாங்க. அப்புறம் அவனுக்கு அடிக்கவே இல்ல தெரியுமா?"

"எனக்கு அடிக்குது டீச்சர். ஈரத்துல நின்னா தினம் அடிக்குது."

"நீ நம்பியிருக்க மாட்டே."

"நம்பிக்கை இல்ல டீச்சர், எர்த் வயர் விட்டுப்போயிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. அவன் கடல் தாண்டி எங்கயோ ஒரு எலக்ட்ரிக் வேலையில இருக்கான். இந்த நேரத்துல இதைப் பிச்சா எனக்கு மனசு கேக்காதும்மா. வேற எதாவது வழி பாரேன்."

எல்லா வழியும் பார்த்தாயிற்று என்றேன். உறையூர் ப்ரோக்ராமைச் சொன்னேன். லால்குடிக்காரரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், சரி என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு நிதானம் போய்விட்டது.

"அப்ப மாதாவை நீங்க வெச்சுக்குங்க டீச்சர், கிட்டாரை எனக்குக் குடுங்க. ரெண்டு பேரும் என் வீட்டுலயே இருந்தா எப்படி?"

கத்திவிட்டேன் என்று கத்தி முடித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே போகச் சொல்வார் என்று எழுந்துகொண்டேன்.

டீச்சர் படத்தை விரலால் ஒருமுறை வருடினார். பிறகு, "நான் வெச்சுக்கலாம்தான்ல?" என்றார். என்னிடம் கேட்டதுபோலவே இல்லை. "இங்க, வீட்டுல. பீடத்துலயே வெச்சுக்கலாம். இது எனக்குத் தோணாம போச்சே. உக்காரு. நிக்காதே, உக்காரு."

அடுப்பில் தண்ணீர் வைத்தார். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து படத்தின் மேல் வைத்தார். ஆறியதும் மறுபடி நனைத்தார். வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உதவிக்குக் கையை நீட்டினேன். "உன் கை முரடு, எடு" என்று தட்டிவிட்டார். அம்மா காய்ச்சிய பசை நல்ல பசை. அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒரு மூலை மட்டும் கிழிந்து, படம் முழுசாக வந்தது. தட்டில் வைத்து மின்விசிறிக்குக் கீழே உலர்த்தினார். மரத்தில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அதன் நடுவே கறுப்புத் தகடு, இரண்டு திருகுகள்.

"இவ்ளோண்டு தகடா?" என்றார் டீச்சர். "இதுக்கா என்னை இந்தக் கத்து கத்தினே?"

நட்டு துருப்பிடித்திருந்தது. தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் அந்த அளவுக்கு ஒரு குழாய் ஸ்பேனர் கிடைத்தது. அதே கடையில் எர்த் வயரையும் பற்றவைத்துக் கொடுத்தார்கள். கம்பிகளையெல்லாம் தளர்த்திவிட்டு நட்டைக் கால் திருகு திருகினேன். உள்ளே மடக்கென்று ஒரு சத்தம். முறிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா கிட்டாரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார்.

"முறியலைடி. அசைஞ்சிருக்கு. இன்னிக்குப் போதும். ஒரேயடியா முறுக்காதே, நீ ஆகாத்தியக்காரி."

தினம் கொஞ்சம் திருகினேன். ஒவ்வொரு காலையும் ஆபீஸுக்குக் கிளம்புமுன் இரண்டு பேரும் ஜன்னலருகே நின்று பார்ப்போம். அந்த வாரம் முடிவதற்குள், மூன்றாவது மெட்டில் விரலைக் குறுக்கே போட்டு அமுக்கினேன். ஆறு கம்பியும் பேசியது. கடைசி மெட்டுகள் சரியாகவில்லை. மூன்றாவது கம்பி ஒரு இடத்தில் இரைந்தது. போகட்டும் என்று விட்டேன். கிட்டாருக்கு உரிய சுருதிக்கே கம்பிகளை இறக்கிவைத்தேன். இனி எவன் சொன்னாலும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

உறையூரில் நெசவாளர் தெரு ஒன்றில் மேடை. மாஸ்டர் ஹார்மோனியத்தைத் திறந்ததும் பழக்கத்தில், "அஞ்சுக்கு ஏத்திக்கம்மா" என்றார்.

"ஏத்த மாட்டேன் மாஸ்டர்."

"ஏத்தாம? வேடிக்கை பாக்கப் போறியா?"

"நான் மூணாவது மெட்டுக்குப் போய் வாசிக்கிறேன். கம்பி இருக்கற இடத்துலயே இருக்கும்."

"பாருப்பா, நமக்கே பாடம் எடுக்கறாங்க" என்றார் தபேலாக்காரரிடம். பிறகு என்னிடம், "ரெண்டு பாட்டு பாப்பேன். சரியா வரலேன்னா ஓரமா உக்காந்துக்க. நாளைக்கு லால்குடிக்குச் சொல்லி அனுப்பிடுவேன்."

முதல் பாட்டு ஐந்து கட்டையில் போயிற்று. விரலைக் குறுக்கே போட்டபடியே முழுப் பாட்டையும் வாசித்தேன். முன்கை நரம்பு புடைத்துக்கொண்டது. விட்டுக்கொடுக்கவில்லை. மாஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் பாடகி இருமினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி இருமினாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மாஸ்டர், தொண்டை கட்டிருச்சு. அஞ்சு ஏறாது. நாலரையில போங்க" என்றாள்.

மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. ஹார்மோனியத்துக்குப் பிரச்சினை இல்லை, அடுத்த கட்டையைப் பிடித்தால் தீர்ந்தது. தபேலாக்காரர் சுருதியைத் தட்டி இறக்கச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். என் பழைய வழக்கப்படி என்றால் ஆறு கம்பியையும் இறக்கிச் சேர்க்க வேண்டும். ஜனம் அதற்குள் விசிலடிக்கும். இறக்கிய பிறகும் அந்த வில்லில் சுருதி நின்றிருக்காது.

நான் விரலை மூன்றாவது மெட்டிலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்தி ஒரு வீச்சு வீசினேன். நாலரை கட்டை. ஹார்மோனியத்தோடு ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர் என் இடது கையைப் பார்த்தார். திருகாணிகளைப் பார்த்தார். நான் அவற்றைத் தொடவே இல்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் மாஸ்டர். பாட்டை எடுங்க, ஜனம் காத்துக்கிட்டு இருக்கு."

எடுத்தார். பாடகிக்கு நாலரை சுகமாக இருந்தது. நன்றாகவே பாடினாள். மூன்றாவது கம்பி இரைந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்தி வாசித்து மறைத்தேன். தெருவில் கைதட்டல் அடங்குவதற்குள் மாஸ்டர் பாடகியிடம் குனிந்து அடுத்த பாட்டுக்கு எத்தனை கட்டை வேண்டும் என்று கேட்டார். அவள் நாலு என்றாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து விரலால் நாலு காட்டினார். ஏத்து என்றும் சொல்லவில்லை, இறக்கு என்றும் சொல்லவில்லை. நான் எனக்கு வேண்டிய இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.

ப்ரோக்ராம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். பாராட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"லால்குடிக்காரரை வர வேணாம்னு சொல்லிடறேன்."

"நாளைக்கே சொல்லிடுங்க மாஸ்டர். பாவம், அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்?"

"வாய் மட்டும் குறையாது உனக்கு" என்று ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போனார். நான் பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கிட்டாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டேன்.